மாப்பிள்ளை வேண்டாம், டிரெய்லர் போதும்

விவாகரத்தின்போது வீடு மிர்வாவுக்கு வந்தது, டிரெய்லர் கணவனுக்குப் போனது. தான்தான் ஜெயித்ததாக ரந்தசல்மி ஊர் முழுக்க அவள் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஏரிக்கரையில் மஞ்சள் பூசிய மரவீடு, முற்றத்தில் தனியாக ஒரு சவுனா என்கிற நீராவிக் குளியல் அறை, அதற்குக் கீழே படகுத்துறை. யாருக்குக் கிடைக்கும்? முதல் குளிர்காலம் எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காரின் பின்னால் மாட்டி இழுக்கிற அந்தத் துருப்பிடித்த பெட்டி இல்லாமல் விறகு வீட்டுக்கு வராது, குப்பை வீட்டைவிட்டுப் போகாது. டிரெய்லரோடு போன ஆள்தான் இத்தனை நாள் கூரையில் ஏறிப் பனி தள்ளினான் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மிர்வா ஊர் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஐம்பதைத் தாண்டியவள். இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம் அவர் வீட்டுச் சமையலில் என்ன கோளாறு என்பதுவரை சொல்லி அனுப்புகிற ரகம். அப்படிப்பட்டவள் தச்சரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. சாவோ வட்டாரத் தச்சர் அல்லவா, அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நேரடியாகப் பதில் சொன்னால் நாக்கு வெந்துவிடும். வரலாம், வராமலும் போகலாம், பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். வரவில்லை.

கடையில் கூட வேலை பார்த்த சிர்ப்பாதான் ஒரு காபி இடைவேளையில் மிர்வாவின் கைபேசியை வாங்கி, துணை தேடும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். உனக்கும் ஒரு துணை வேண்டாமா என்று உருகினாள். மிர்வா வேண்டாவெறுப்பாகப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொரு ஆணும் கையில் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு நின்றான். மீன் மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறியது, முகமெல்லாம் ஒரே மாதிரி உம்மென்று இருந்தது. சட்டென்று அவள் விரல் நின்றது. படத்தைப் பெரிதாக்கினாள். மீனுக்கும் பின்னால், ஆளுக்கும் பின்னால், கொட்டகை ஓரத்தில், ஒரு டிரெய்லர் நின்றிருந்தது. புதுசு.

அதற்குச் சொந்தக்காரரான ரெய்யோ என்கிற மாட்டுப்பண்ணைக்காரர் ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வந்தார். ஏலக்காய் பன் தின்றார். சமையலறைக் குழாய் சொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பொறுக்கமாட்டாமல் எழுந்து காரிலிருந்து கருவிப்பெட்டியை எடுத்துவந்து சரிசெய்தார். விறகைப் பற்றி மிர்வா ஒரு பெருமூச்சு விட்டாள். அடுத்த வாரமே ஒரு டிரெய்லர் விறகு வந்து இறங்கியது. அதற்கடுத்த வாரம் மிர்வா அவருக்குச் செய்தி அனுப்பினாள்: “நீங்கள் மிக நல்ல மனிதர். ஆனால் என் மனம் இன்னும் தயாராகவில்லை.”

இந்த வாசகம் நன்றாக அமைந்துவிட்டது. அதை அப்படியே கைபேசியில் சேமித்து வைத்தாள். இனி பெயரை மாற்றினால் போதும்.

தன்னைப் பற்றிய குறிப்பையும் திருத்தி எழுதினாள். “இயற்கை பிடிக்கும். கைத்திறன் உள்ள ஆண்கள் பிடிக்கும். இருவர் சேர்ந்து வியர்ப்பதில்தான் உண்மையான நெருக்கம் பிறக்கிறது என்று நம்புகிறேன்.” கடைசி வரியைப் படித்துவிட்டு எண்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், வந்து, குளிருக்குக் கரையேற்றி வைத்திருந்த படகுத்துறையைத் தண்ணீரில் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வசந்தத்தில் தோட்டம் கொத்தும் எந்திரம் வைத்திருந்தவர் அவள் மனதுக்கு மிக நெருக்கமாக இருந்தார். விதைப்பு முடிந்ததும் அந்த நெருக்கமும் முடிந்தது. அப்புறம் வேலிக்கு ஒருவர், ஜன்னலுக்கு ஒருவர்.

“ஏண்டி, இப்ப வர்றாரே, அவரு கண்ணு என்ன கலருடி?” என்று ஒருநாள் சிர்ப்பா கேட்டாள்.

“தெரியல. ஆனா மரம் அறுக்கற மெஷின் ரெண்டு வச்சிருக்காரு.”

“உனக்கு வெக்கமாவே இல்லையா?”

மிர்வாவுக்கு இருக்கவில்லை. ஒரு மனுஷன் தன் முழங்கால் வலியையும் செத்துப்போன நாயையும் பற்றிப் பேசுவதை ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்கிறாளே, அது வேலையில்லையா? பன் சும்மாவா வேகிறது?

கோடையின் நடுவில் சவுனாவின் கூரை ஒழுக ஆரம்பித்தது. இந்த வேலைக்கு ஒற்றை ஆள் போதாது. ஆகவே மிர்வா, இதுவரை செய்யாத துணிச்சலாக, இரண்டு பேரை ஒரே சனிக்கிழமை வரச்சொன்னாள். ஒருவர் இல்போ, மனைவியை இழந்தவர், உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர், நாளைக்கு ஏழெட்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவர். அவர் படத்தில் மீன்கூட இல்லை, சுவரில் சாய்த்த ஏணி ஒன்றுதான் இருந்தது. மற்றவர் ஹெய்மோ, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்ற பலகையின் கீழ் உட்கார்ந்திருந்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது பேசிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்யப்போகிறவர் தன் சித்தப்பா மகன் என்று மிர்வா இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்தாள்.

இருவரும் கூரையில் ஏறினார்கள். மச்சானாக வரப்போகிறவரிடம் நடந்துகொள்கிற மரியாதையோடு ஒருவருக்கொருவர் ஆணியை எடுத்துக் கொடுத்தார்கள். கீழே மிர்வா பெஞ்சில் உட்கார்ந்து ஸ்ட்ராபெரி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“மிர்வா சின்ன வயசுல எப்படிங்க இருப்பாங்க?” என்று ஹெய்மோ கேட்பது காதில் விழுந்தது.

இல்போ ரெண்டு ஆணி அடித்து முடித்தார். “எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே சொந்தம்.”

சுத்தியல் சத்தம் நின்றது. மிர்வா தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக ஆய்ந்தாள்.

“உங்களுக்கும் அந்தச் செயலியிலதான் பழக்கமா?” என்றார் ஹெய்மோ.

“ம்.”

“பன் குடுத்தாங்களா?”

“ம்.”

பிறகு மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ விழப்போகிறார்கள் என்று மிர்வா பதறி எழுந்தாள். இல்போ சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குச் சிரிப்பு வரும் என்பதே அவளுக்குப் புதிய செய்தி.

இறங்கிப் போய்விடுவார்கள் என்று அவள் பயந்தாள். அவர்கள் போகவில்லை. மேற்கே மேகம் கறுத்திருந்தது, பாதிக் கூரையை விட்டுப் போக இருவருக்கும் மனம் வரவில்லை. முடித்துவிட்டு இறங்கி வந்து, சவுனாவைச் சூடு பண்ணலாமா என்று மட்டும் கேட்டார்கள். அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தணலில் சாஸேஜ் வாட்டிக்கொண்டு மிர்வா வெளியே நின்றாள். உள்ளே இல்போவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மனைவியின் நோயைப் பற்றி, அவள் போன பிறகு வீட்டில் கடிகாரச் சத்தம் பெரிதாகிவிட்டதைப் பற்றி. மிர்வாவிடம் அவர் பேசியதெல்லாம் ஏணியின் உயரம்தான். அவள் கேட்டதும் அவ்வளவுதான்.

வெளியே வந்து சாஸேஜ் முழுவதையும் கடுகுச் சட்னியோடு தின்றுவிட்டு, நன்றி சொல்லி, இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள்.

ஹெய்மோவுக்கு வாய் சும்மா இருக்குமா? இணையத்தில் ஊர்ப் பொதுப்பக்கத்தில், தொலைந்த பூனைக்கும் விற்பனைக்கு வந்த படகுக்கும் நடுவில், ஒரு அறிவிப்புப் போட்டார்: “ஏரிக்கரை மஞ்சள் வீட்டில் வேலை செய்து ஏலக்காய் பன் சாப்பிட்டவர்கள் தயவுசெய்து கை தூக்கவும்.” மத்தியானத்துக்குள் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மனம் இன்னும் தயாராகவில்லை என்ற செய்தியை எல்லோரும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்கள். ஒருவருக்கு மட்டும் வேறொருவர் பெயர் போட்டு வந்திருந்தது. அதை ஊரே ரசித்தது.

மறுநாள் மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த ஒரு மூதாட்டி, கல்லாமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். “என் வேலி சாஞ்சு கெடக்கு கண்ணு. உங்கிட்ட உபரியா ஆள் யாராச்சும் இருந்தா அனுப்பேன்.” சிர்ப்பா மாத்திரை அலமாரிக்குப் பின்னால் ஓடி ஒளிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிர்வா செயலியை அழித்தாள். நம்பிக்கைத் துரோகம் என்று பொருமினாள். தான் செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று யோசிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் அவளை உண்மையில் வதைத்தது வேறு. கை தூக்கியவர்களெல்லாம் ‘கூரைச் சங்கம்’ என்று ஒரு குழு ஆரம்பித்துவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி வேலை செய்தார்கள், சவுனாவில் உட்கார்ந்தார்கள், படம் எடுத்துப் போட்டார்கள். மீன் பிடித்துக்கொண்டு உம்மென்று நின்ற அதே முகங்கள் இப்போது பல்லைக் காட்டின. மிர்வா அந்தப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள். சுற்றுவட்டாரத்தின் மிகச்சிறந்த கருவிகளெல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்திருந்தன. அத்தனையும் அவள் பொறுக்கி எடுத்தவை. அவளுக்கு மட்டும் அழைப்பில்லை.

இலை உதிரத் தொடங்கியபோது புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் வந்து, செங்கல் விட்டுப்போயிருக்கிறது, கட்டி முடிக்கும்வரை வீட்டைச் சூடாக்கும் அடுப்பை மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். விறகு மலைபோல அடுக்கிக் கிடந்தது. மிர்வா உள்ளே கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் இல்போவுக்கு எழுதினாள். பதில் வர நாளாயிற்று. வந்தபோது சுருக்கமாக இருந்தது: வரிசை இருக்கிறது. சங்கத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் எல்லோர் வீட்டு வேலைக்கும் வரவேண்டும். முதலில் என் உருளைக்கிழங்கு.

காபி போடச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு நல்ல பூட்ஸ் போட்டு, ஒரு கூடை பன் சுட்டு எடுத்துப்போனாள். கூடையை வாங்கி வண்டிமேல் வைத்துவிட்டு, கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்கள். தூறலில் குனிந்து கிழங்கு பொறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் எது மண் எது என்று தெரியவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் அவளுக்காக எதையும் தூக்கவுமில்லை. இல்போ அடுத்த வரிசையில் வந்துகொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார். “என் படத்தைப் பாத்தப்போ என்ன பாத்தீங்க?”

நல்ல பதில் ஒன்றைச் சொல்ல மிர்வா வாயைத் திறந்தாள். முதுகு வலியில் பொய் எதுவும் தோன்றவில்லை. “ஏணி,” என்றாள்.

அவர் தலையசைத்தார். “அலுமினியம். நீட்டிக்கலாம்.”

“உங்க மனைவி பேரு என்ன?” என்று அவள் கேட்டாள். கேட்டது அவளுக்கே வியப்பாக இருந்தது.

“வுக்கோ,” என்றார். அந்த வரிசை முடியும்வரை வுக்கோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல் பனி விழுவதற்குச் சற்று முன்னால் புகைபோக்கியின் முறை வந்தது. எல்லோரும் வந்தார்கள். மிர்வா உட்காரவில்லை, நாள் முழுக்கச் சாந்து வாளி சுமந்து ஏணியில் ஏறி இறங்கினாள். செங்கல் சரியாக அமரவில்லை என்று ஹெய்மோவிடம் இரண்டு தடவை சண்டை பிடித்தாள். அடுப்பு மூட்டிப் புகை நேராக மேலே போவதை எல்லோரும் முற்றத்தில் நின்று பார்த்தார்கள், பிறகு வண்டிகளில் ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை ரெய்யோவின் மாட்டுத்தொழுவத்தில் சாணம் அள்ளும் வேலை. மனம் தயாராகவில்லை என்று சங்கத்துக்கு எழுதிப் பார்த்தாள். வண்டி ஒன்பது மணிக்கு வாசலுக்கு வரும் என்று பதில் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே, இந்த முறை ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டாள்.