எதிர்வீட்டுச் சம்பந்தம்

என் கல்யாணத்தைக் குழப்பியவள் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு ஓட்டோ மட்டும்தான் நுழையலாம். அவ்வளவு நெருக்கத்தில் இருந்துகொண்டு இருபத்திரண்டு வருடம் ஒருத்தியோடு முகங்கொடுத்துப் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. நான் செய்து காட்டினேன்.

நடந்தது இதுதான். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நீர்கொழும்பில் நல்ல இடம் ஒன்று பேசி, நாளும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக்கடிதம் போயிற்று. பெண்ணுக்கு வலிப்பு, மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று. அந்த வருடம் பெரிய வெள்ளியன்று வெறும் வயிற்றோடு வெயிலில் சிலுவைப்பாதை போய், பாதியில் நான் மயங்கி விழுந்தது உண்மை. பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். அது போதுமாக இருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் நேர்மையான மனிதர். காரணத்தை மழுப்பாமல் அந்தக் கடிதத்தையே அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பங்கின் மறைக்கல்வி வகுப்பில் படிப்பித்தபோது நானும் அவளும் ஒரே வரவு இடாப்பில் மாறி மாறிப் பிள்ளைகளின் பெயர் எழுதியவர்கள். அந்த மாப்பிள்ளையைத் தன் தங்கைக்குப் பார்க்கும் எண்ணம் அவளுக்கு இருந்ததென்று பிறகு கேள்விப்பட்டேன். அதுவும் சரிவரவில்லை. எனக்கு அதற்குப் பிறகு வந்த இடங்களெல்லாம் வலிப்புக் கதையைக் கேட்டுத் திரும்பிப் போயின. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தேன், அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்தேன், தனியாகவே இருந்துவிட்டேன். மோசமான வாழ்க்கை இல்லை. ஆனால் நானாகத் தேடிக்கொண்டதும் இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். “மன்னிச்சுவிடு மகள், நீதியைக் கடவுளிட்ட விடு” என்றார் சுவாமி. விட்டேன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படி விட்டேன் என்றால், கடவுள் அவளை எப்போது அடிப்பார் என்று ஜன்னலடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புருஷன் பக்கவாதத்தில் விழுந்தபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மூன்று வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்துதான் அவர் இறந்தார்.

போன வருடம் அவளுடைய மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வெள்ளவத்தை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் மாப்பிள்ளையின் தாய். எனக்கு ஆச்சரியமில்லை. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க முதல், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஊரறியச் சொல்ல முதல், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அயலில் வந்து விசாரிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

அப்படி வருபவரிடம் யாரும் வாய்விட்டுக் கெட்டது சொல்வதில்லை. “எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லை” என்றால் போதும். வந்தவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிடுவார். அயலில் இருப்பவருக்கே பழக்கமில்லை என்றால் அதன் பொருள் என்னவென்று இங்கே பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும்.

குசினியில் தேத்தண்ணீர் ஊற்றும்போதே தீர்மானித்துவிட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். அதில் பொய் இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பழக்கமில்லைதானே. பழிவாங்குவதும் இல்லை, மொட்டைக்கடிதமும் இல்லை. நான் சும்மா இருப்பேன், மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார். எவ்வளவு நல்ல கிறிஸ்தவள் நான்! கோப்பையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“குறை நினையாதேங்கோ தங்கச்சி,” என்றார் அவர். “நீங்கள் நேர் எதிர்வீடு. பிள்ளை எப்பிடி?”

“எனக்கு…” என்று இழுத்தேன்.

அந்த இழுவைக்கே அவர் முகம் விழுந்துவிட்டது. வாய்க்குக் கொண்டுபோன கோப்பை பாதியில் நின்றது. இதே முகத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன், அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்த அந்தத் தகப்பனாரிடம். அன்று அம்மா அழவில்லை. கூறைச் சேலையை மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, பகல் சமையலைப் பார்க்கப் போனார். எதிர்வீட்டுப் பிள்ளையும் தன் தாய் அப்படி நடந்துபோவதைப் பார்க்கப் போகிறாள், என்னால். கடவுளிடம் விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவருடைய வேலையை நானே செய்துகொண்டிருக்கிறேன்.

“எனக்கு நல்லாத் தெரிஞ்ச பிள்ளை,” என்று முடித்தேன். “சின்னனிலயிருந்து பாக்கிறன். தங்கமான பிள்ளை அக்கா. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.”

அதோடு எழும்புவார் என்று பார்த்தேன். எழும்பவில்லை.

“தாய் எப்பிடி? இனி அவவோடதானே நாங்கள் சம்பந்தம் கொண்டாட வேணும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளைப் பற்றிச் சொன்னது போதாதா? இவளுக்கும் நான்தான் நற்சாட்சிப் பத்திரம் எழுத வேண்டுமா? பொய் சொல்லவும் வராது. கடைசியில் ஜன்னலடியில் இருந்து கண்டதைச் சொன்னேன்.

“புருசனை மூண்டு வருசம் படுக்கையில வைச்சுப் பாத்தவ. ஊட்டினது, துடைச்சது, தூக்கி இருத்தினது எல்லாம் தனி ஆளா. ஒரு நாளாவது முகம் சுளிச்சதை நான் காணேல்லை. நல்ல மனுசி.”

கடைசி இரண்டு சொல்லும் நான் நினைக்காமல் வந்துவிட்டன. அவர் ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

“உங்களிட்ட ஒண்டு சொல்லோணும் தங்கச்சி. ஆரிட்ட விசாரிக்கலாம் எண்டு நான் அவவிட்டயே கேட்டனான். மூண்டு நாள் பதில் இல்லை. பிறகு போன்ல கோல் எடுத்து, ‘எதிர்வீட்டில கேளுங்கோ’ எண்டு சொன்னவ. ‘நான் அவவுக்குப் பெரிய அநியாயம் செய்தனான். அவ என்ன சொன்னாலும் அதின்படி செய்யுங்கோ’ எண்டு அழுதவ.”

ஓட்டோ போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். ஒரு நாளைக்கு அவள் என் கையில் அகப்பட வேண்டும் என்பதுதான் இத்தனை வருடமும் கடவுளிடம் நான் கேட்டது. அவள் தானாகவே அகப்பட்டிருக்கிறாள், மகளின் வாழ்வையும் என் கையில் கொண்டுவந்து வைத்துவிட்டு. அது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் அந்தக் கதிரையில் இருந்து ‘பழக்கமில்லை’ என்றுதான் சொல்லியிருப்பேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று பின்னேரப் பூசையில், மன்னிக்கப் பெலன் தந்ததற்காக நான் நன்றி சொல்லவில்லை. அவள் சொன்னதை எனக்கு முதலே தெரியவிடாமல் வைத்திருந்ததற்காகத்தான் நன்றி சொன்னேன்.