ஐவரியா, க்ரீமா?

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு இது நடந்தது. போன நவம்பரில், நீலகிரி மலையிலுள்ள ஜெகதளாவில், பட்டப்பகலில்.

பிரசவம் முடிந்து என் மனைவி ஆன்சியும் குழந்தையும் மறுநாள் எங்கள் புது வாடகை வீட்டுக்கு வருவதாக இருந்தது. குழந்தைக்கான அறைக்கு என்ன நிறம் அடிப்பது? சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டை அடித்தேன். இடது ஐவரி, வலது க்ரீம். இரண்டும் வேறு வேறு என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். எனக்கென்னவோ இரண்டும் ஒன்றுதான். போட்டோ எடுத்து ஆன்சிக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"ஏனுங்க, அந்தக்கா கை வெச்சிருக்கற க்ரீமே நல்லாருக்கு. அதையே அடிங்க."

"எந்தக்கா?"

"செவுத்தோரம் நிக்கறாங்களே..."

சிரித்தேன். பிள்ளை பெற்றும் இவளுக்குக் குறும்பு போகவில்லை. போட்டோவைத் திறந்து பார்த்தேன். சுவர் மட்டும்தான் இருந்தது.

வெளியே மூடுபனி. இந்த ஈரத்தில் பெயிண்ட் எங்கே காயும்? காய்ந்தால்தானே சரியான நிறம் தெரியும்! குளிருக்கு வைக்கும் கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து மூட்டினேன். பனி நுழையாமல் ஜன்னலையும் கதவையும் சாத்தினேன். நாளை குழந்தைக்கும் இப்படியே கதகதப்பாக வைத்துவிடலாம் என்று நினைத்தபடி சுவரோரம் உட்கார்ந்தேன்.

தலை கனத்தது. கண் சொருகியது.

சரக்...

க்ரீம் பட்டையில் ஒரு கைத்தடம். ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. என் கை சுத்தமாகத்தான் இருந்தது.

சரக்... சரக்...

பட்டைக்கு வெளியே இன்னொரு தடம். அதற்கு மேல் இன்னொன்று. ஜன்னலை நோக்கி ஏறியது.

எழ முயன்றேன். கால் வரவில்லை. கத்தினேன். சத்தம் வரவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன்.

கடைசித் தடம்... ஜன்னல் கொக்கிமேல்.

டக்!

ஜன்னல் படாரென்று திறந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. தவழ்ந்துபோய்க் கதவைத் தள்ளி வாசலில் விழுந்தேன்.

பக்கத்து வீட்டு சுப்பம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். உள்ளே அடுப்பைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"உங்களுக்கு முன்னாடி குடியிருந்த லிஜியும் இப்படித்தானுங்க. பெயிண்ட் காயட்டும்னு கரி அடுப்பு வெச்சு, எல்லாத்தையும் சாத்திப்போட்டு, கைக்கொழந்தையோட படுத்துட்டா. காத்தால கதவ ஒடச்சுத்தான் உள்ள போனோம்..."

"குழந்தை?"

அவர் தலையை ஆட்டினார்.

"ரெண்டு பேருமே இல்லீங்க. அவ சன்னலுக்குக் கீழ கெடந்தா. செவுரு பூராம் அவ கைத்தடம்... கொக்கிக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் இருந்துச்சுங்க."