சத்தம் போடாத டயர்

புருஷன் மண்ணுக்குள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவன் காரை ஓட்டித்தான் சைகல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். மலையூர் நாரினில் ஆள் ஏற்றி, தோலோன் கணவாய் தாண்டி, தலைநகர் பிஷ்கெக்கில் இறக்கிவிடும் பிழைப்பு. அந்தக் காருக்குப் போய்ச் சேற்று டயர் மாட்டி வைத்திருந்தான் கொழுந்தன் தாலாய்பெக், மகராசன்! கட்டை கட்டையாய்ப் பட்டன் வைத்த டயர். தார் ரோட்டில் ஊளையிடும். பின்சீட்டில் கொலையே நடந்தாலும் முன்சீட்டுக்குக் கேட்காது. ஒருமுறை ஏறியவர்கள் மறுமுறை ஏறுவதில்லை.

டயர் வழுக்கையானதும் சந்தைக்குப் போனாள். கொழுந்தனும் ஒட்டிக்கொண்டு வந்தான்.

"பழைய மாதிரியே போடுப்பா, ஆம்பளை டயர்," என்றான் கடைக்கார மாமசாவிடம்.

"ஓட்டறது நான். சத்தம் போடாததா எடுங்க," என்றாள் சைகல்.

"சத்தமில்லாம என்ன அண்ணி பண்ணப் போறீங்க? தாலாட்டுப் பாடவா?"

"நீ ஒருத்தன் கத்தறது போதாதா? டயரும் கத்தணுமா?"

மாமசா சிரித்துக்கொண்டே ஒன்றை உருட்டிவிட்டான். அவள் டயரின் ஓரத்தைத் துடைத்துத் தேதி எண்ணைப் பார்த்தாள். ஆறு வருடப் பழசு. நகத்தால் அழுத்தினால் ரப்பர் கல்லாய் இருந்தது.

"இதை நீங்களே மடியில கட்டிக்கிட்டு அழுங்க. இந்த வருஷத்தது வேணும். பட்டன் சின்னதா, நெருக்கமா, ரப்பர் மெத்துனு."

"பொம்பளையா இது!" என்று முணுமுணுத்தபடி மாமசா உள்ளேயிருந்து நாலு புது டயர் கொண்டுவந்தான்.

அடுத்த வாரம் மாமியாரைப் பிஷ்கெக்கில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். துணைக்குத் தாலாய்பெக். தாயும் மகனும் பின்சீட்டில். கார் சத்தமே இல்லாமல் போயிற்று. ஊளைக்குள் பேசிப் பழகிய நாக்கு அல்லவா, அவன் பாட்டுக்குப் பேசினான்.

"அண்ணனோட வருஷ திவச விருந்துக்குக் குதிரை அறுக்கற அன்னிக்கே, சொந்தக்காரங்க முன்னால சாவியைப் பிடுங்கிடுவேன்மா. அண்ணன் கார் எனக்குத்தான்."

"பிள்ளைங்க சோத்துக்கு என்னடா பண்ணும்?"

"அவ அப்பன் வீட்டுக்குப் போகட்டும்."

 கணவாய் உச்சியில், பனிக்காற்றுக்கு நடுவே, சைகல் வண்டியை நிறுத்தினாள்.

"என்ன அண்ணி, டயர் போச்சா?"

"டயர் நல்லாத்தான் இருக்கு. நீ பேசுனது ஒண்ணு விடாம கேட்டுச்சு. இறங்குடா."

அவன் தாயைப் பார்த்தான். கிழவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சீக்கிரம் இறங்கிக் கதவைச் சாத்துடா," என்றாள். "குளிருது."