ஒட்வாருக்கு மண்டபம் கொடுத்த பூமணி அக்கா

பூமணி அக்காவும் நானும் ஒஸ்லோ நகரின் ரொம்மன் பகுதியில் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அவர் இரண்டாம் மாடி, நான் நான்காம் மாடி. வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். எந்தக் கருவி எந்த வைத்தியரின் கைக்குப் போகிறது என்பது அவருக்குத் தேவையில்லை. ஒவ்வொரு தட்டையும் ஒரே ஒழுங்கில்தான் பார்ப்பார்.

எங்கள் குடியிருப்பில் நூற்று நாற்பது வீடுகள். வீட்டுக்காரர் எல்லோரும் அங்கத்தவராக இருக்கும் ஒரு சங்கம் அதை நடத்துகிறது. அதற்கு ஐந்து பேர் கொண்ட நிர்வாகசபை. 2021 இல் பூமணி அக்காவைத் தலைவியாகத் தெரிவு செய்தோம். பழுதான மின்தூக்கி, குப்பை அறை, வாகனத் தரிப்பிடம் என்று எதைக் கேட்டாலும் விதிப் புத்தகத்தைத் திறந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அது எங்களில் சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு எரிச்சல்.

கீழ்த்தளத்தில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது. போலந்துக்காரரின் பிறந்தநாள், சோமாலியப் பெண்களின் கூடல், எங்கள் பிள்ளைகளின் நடன வகுப்பு எல்லாம் அங்கேதான். மே பதினெட்டில் இலங்கைப் போரில் இறந்தவர்களுக்கு நாங்கள் விளக்கேற்றுவதும் அங்கேதான். 2023 இல் அதை நிறுத்தச் சொல்லி ஒட்வார் ஒரு கடிதம் எழுதினார். அவர் முதலாம் மாடியில் தனியே வாழும் எழுபத்துநாலு வயது நோர்வேஜியர், ஓய்வுபெற்ற டிராம் சாரதி. பிறநாட்டுப் போர் அரசியலுக்குப் பொது மண்டபம் எதற்கு என்பது அவருடைய கேள்வி.

பூமணி அக்கா இரண்டு வரியில் பதில் எழுதினார். "எந்தக் குடியிருப்பாளரும் கூட்டத்துக்கு மண்டபம் கேட்கலாம். கூட்டத்தில் என்ன பேசப்படும் என்பதைப் பார்த்து நிர்வாகசபை முடிவு செய்யாது."

எங்களுக்குச் சந்தோஷத்தில் ஒரே புளுகம். நான் அந்தக் கடிதத்தைப் படமெடுத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அடுத்த வருடம் ஒக்டோபரில் ஒட்வார் மண்டபம் கேட்டு விண்ணப்பித்தார். அந்த இரண்டு வரியையும் அப்படியே மேற்கோள் காட்டியிருந்தார். "ரொம்மனில் யார் வாழ வேண்டும்?" என்பது கூட்டத்தின் தலைப்பு. குடிவரவுக்கு எதிராகப் பேச வெளியிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. இணைத்திருந்த அறிவித்தலின் அடியில், "பரம்பரை நோர்வேஜியர்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி.

செய்தி இரண்டு நாளில் எல்லா மாடிக்கும் ஏறிவிட்டது. மண்டபம் கொடுக்கக் கூடாது என்று அறுபத்தொரு பேர் கையெழுத்து வைத்தோம். பட்டியலில் இரண்டாவது பெயர் இரவீந்திரன். அவர் பூமணி அக்காவின் கணவர்.

பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அக்கா சமையலறையில் நின்றபடி அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"உங்கடை கையெழுத்து நல்ல வடிவாய் இருக்கு" என்றார் கணவரிடம்.

"பகிடி விடாதையும். எங்களைத் துரத்த வேணும் எண்டு கதைக்கிறதுக்கு நாங்களே கதவைத் திறந்து விடுறதோ?"

மகள் சாருகா மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். அவள் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் முதுநிலை படிக்கிறாள். அமெரிக்க அரசியலமைப்பு மக்களின் சுதந்திரங்களை எப்படிக் காக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதற்காக அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் அரை வருடம் இருந்துவிட்டு வந்தவள்.

"சாரு, அமெரிக்காவிலை இப்பிடி ஒருத்தன் மண்டபம் கேட்டா என்ன செய்வினம்?" என்று அக்கா கேட்டார்.

"நகரசபையின்ரை மண்டபம் எண்டா குடுக்கத்தான் வேணும். எல்லாருக்கும் திறந்து விட்ட இடத்தை ஒருத்தற்றை கருத்துப் பிடிக்கேல்லை எண்டு அரசாங்கம் பூட்டேலாது. அவையின்ரை அரசியலமைப்பின்ரை முதலாவது திருத்தம் அதைத்தான் சொல்லுது. ஆனா நாங்கள் அரசாங்கம் இல்லை, அம்மா. வீட்டுச் சங்கம். அந்தச் சட்டம் அமெரிக்காவிலையே இப்பிடிச் சங்கங்களைக் கட்டாது."

"அப்ப அந்த 'மட்டும்' எண்ட வரி?"

"அது வேறை. ஒண்டு, கதைக்கிற வாயிலை அரசாங்கம் கை வைக்கக் கூடாது எண்டது. மற்றது, ஆரையும் பிறப்பைப் பாத்து வாசல்லை மறிக்கக் கூடாது எண்டது. முதலாவது சுதந்திரம், ரெண்டாவது சமஉரிமை. ரெண்டுக்கும் அங்கை வேறை வேறை திருத்தம் இருக்கு."

"நல்லது. அப்ப மண்டபத்தைக் குடுப்பம், வரியை வெட்டுவம்."

சாருகா மடிக்கணினியை மூடினாள். "அம்மா, நான் சொன்னது படிப்பு. இது எங்கடை வீடு. நானும் கையெழுத்து வைச்சனான், பாக்கேல்லையோ? நாற்பத்தி நாலாவது."

"பாத்தனான்."

"பிறகு?"

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தார். "எண்பத்தாறிலை எனக்குப் பதினைஞ்சு வயசு. சாவகச்சேரியிலை எங்கடை வாசிகசாலையிலை ஆர் கூட்டம் வைக்கலாம் எண்டு துவக்கு வைச்சிருந்த இயக்கக்காரர் முடிவு செய்தவை. முதல் மற்ற இயக்கப் பெடியளின்ரை கூட்டத்தை நிப்பாட்டினவை. அவையளை எங்களுக்கும் பிடிக்காது. அதாலை நல்லது எண்டு பேசாமல் இருந்தனாங்கள். நாலு மாசத்தாலை வாசிகசாலை ஆண்டு விழாவுக்கும் அந்தத் துவக்குக்காரரிட்டைப் போய்க் கேக்க வேண்டி வந்தது. என்னை ஆர் என்ன கதைக்கலாம் எண்டு பாக்கிற ஆளாய் வைக்காதேங்கோ. எனக்கு அந்த வேலை வேண்டாம்."

எனக்குக் கோபம் போகவில்லை.

நிர்வாகசபையில் இரண்டு பேர் கொடுக்கலாம் என்றார்கள். இரண்டு பேர் கூடாது என்றார்கள். கூடாது என்று கடுமையாக வாதாடியவர் ஹோதான், சோமாலியப் பெண்மணி, ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. தலைவியின் வாக்கால் மண்டபம் ஒட்வாருக்குப் போனது.

மறுநாள் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அக்கா ஒட்வாரை மறித்துக் கதைத்தபோது நானும் நின்றேன்.

"மண்டபம் உங்களுக்குத்தான். ஆனால் கடைசி வரியை எடுக்க வேண்டும். வர விரும்பும் குடியிருப்பாளர் எவரும் வரலாம்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

"அது என் கூட்டம். யாரை அழைப்பது என்பது என் விருப்பம்."

"உங்கள் வீட்டுக்குள் என்றால் உங்கள் விருப்பம். இது எல்லோருடைய மண்டபம். நாங்கள் விளக்கேற்றியபோதும் கதவு திறந்துதான் இருந்தது. நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான்."

ஒட்வார் கையிலிருந்த விளம்பரத் தாள்களை ஒவ்வொன்றாக மறுசுழற்சிப் பெட்டிக்குள் போட்டார். "சரி, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஈரப்பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது கூட்டம் நடந்தது. வெளியே சாருகாவும் இருபது இளம் ஆட்களும் பதாகை பிடித்து நின்றார்கள். அக்கா மகளுடைய தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டார். "நில்லுங்கோ, சத்தம் போடுங்கோ. வாசலை மட்டும் மறிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒட்வாருக்காகப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து முப்பத்துநாலு பேர் போய் இருந்தோம். ஹோதான் முன் வரிசை. வெளியிலிருந்து வந்த பேச்சாளர் எங்களைக் கண்டதும் கொஞ்சம் தடுமாறினார், பிறகு பேசத் தொடங்கினார். "இந்த ஆட்கள்" என்று எங்களைப் பார்த்தபடியே சொன்னார். எங்கள் பிள்ளைகளால் பாடசாலை கெட்டுப்போனது என்றார். பூமணி அக்கா சுவரோரத்தில் கதிரையில் இருந்தார். காதோரம் சிவந்துபோயிருந்தது. ஆனால் ஒருமுறைகூட எழும்பவில்லை.

கேள்வி நேரத்தில் இரவீந்திரன் அண்ணை எழுந்தார். "நான் வந்து முப்பத்தொரு வருடம். யார் வாழ வேண்டும் என்று கேட்கிறீர்கள். எந்தத் திகதிக்கு முன் வந்தவர் இருக்கலாம்? எனக்கு அந்தத் திகதியைச் சொல்லுங்கள்."

திகதி எதுவும் இல்லை என்று பேச்சாளர் சொன்னார். அடுத்து ஹோதான் எழுந்து, தன் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புப் புள்ளிகளை ஒரு தாளிலிருந்து வாசித்தார். குரல் உயரவேயில்லை. பேச்சாளர் மணிக்கூட்டைப் பார்த்தார், வேறு கூட்டம் இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டார். ஒட்வார் கதிரைகளை அடுக்கினார். நாங்கள் சிலர் உதவினோம். அவர் நன்றி சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இன்றும் அவர் தன் கருத்தில்தான் இருக்கிறார்.

வசந்தத்தில் வருடாந்தப் பொதுக்கூட்டம் வந்தது. இனி மண்டபத்தில் அரசியல் கூட்டமே வேண்டாம் என்று ஒருவர் பிரேரணை வைத்தார். அதை எதிர்த்து முதலில் பேசியவர் ஹோதான். "எனக்கு அந்த மனிதருக்குப் பதில் சொல்ல இடம் கிடைத்தது அந்த மண்டபத்தில்தான்" என்றார். ஐம்பத்தெட்டுக்கு நாற்பத்தொரு வாக்கில் பிரேரணை தோற்றது.

பிறகு தலைவர் தெரிவு. அக்காவை எதிர்த்து ஹோதான் நின்றார். மூடிய சீட்டில் வாக்களித்தோம். ஹோதானுக்கு ஐம்பத்திரண்டு, பூமணி அக்காவுக்கு நாற்பத்தேழு. அக்கா எழுந்து ஹோதானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விதிப் புத்தகத்தையும் மண்டபக் கதவின் திறப்புக் கோர்வையையும் அங்கேயே ஒப்படைத்தார்.

நான் வாக்குப் போட்டது ஹோதானுக்கு. ஒரு கிழமை அது என் நெஞ்சுக்குள் கிடந்து குடைந்தது. சனிக்கிழமை காலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் இரவு வேலை முடிந்து வந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் உங்களுக்கு வாக்குப் போடேல்லை."

அவர் கேத்தலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் நோவு தெரிந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"அதுக்குத்தானே, தேவிகா, மூடின சீட்டு வைச்சனாங்கள்? வந்து சொல்லச் சொல்லி ஆர் கேட்டது?" என்றவர், இன்னொரு கோப்பையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "இரும். தேத்தண்ணி ஆறப்போகுது, குடியும்."