சட்டையோடு குளித்தவன்

ஈரமான டெரிகாட்டன் சட்டையை முதுகிலிருந்து பிய்த்தெடுக்கும்போது வருகிற ‘பொளக்’ என்ற சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஏனென்றால், விக்கிரமசிங்கபுரத்து ஆற்றுத்துறையில் சட்டையோடு குளித்த ஒரே ஆண்பிள்ளை நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மில் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் ஜட்டியோடு பாறையிலிருந்து குதிக்க, நான் மட்டும் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு குதிப்பேன். சட்டைக்குள் காற்றுப் புகுந்து முதுகு உப்பி மிதக்கும்.

“ஏலே, பரிசல் வருதுலே, ஏறிக்கிடுங்க!” என்று பையன்கள் கத்துவார்கள்.

“பைய ஏறுங்கவே, முங்கிரும்,” என்பேன் நானும். சிரிப்பை நாமே ஆரம்பித்துவிட்டால் வலி கொஞ்சம் குறையும் என்பதை அந்த வயதிலேயே கண்டுபிடித்திருந்தேன். சட்டைக்குக் காரணம் கேட்டால் சளி என்பேன், தேமல் என்பேன்; ஒருமுறை முருகனுக்கு நேர்த்திக்கடன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். உண்மைக் காரணம், நான் ஓடும்போது என்னோடு சேர்ந்து ஓடாமல் தனியாகக் குலுங்கிய என் நெஞ்சுச் சதை.

ஒருநாள் எதிர்வீட்டு இசக்கி தண்ணீருக்கடியில் வந்து, பொத்தான்கள் தெறிக்கச் சட்டையை உருவிவிட்டான். பையன்கள் நீந்துவதை விட்டுவிட்டு என் நெஞ்சையே பார்த்தார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காதான், “யம்மா, பொம்பளப்பிள்ளைக்குக்கூட இப்படி இருக்காதே,” என்றாள், அன்பாகத்தான்.

அன்றைக்கே சோற்றைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் தலைசுற்றி விழுந்தபோது, “வயித்துல பூச்சி இருக்கும்,” என்று அப்பா மருந்து வாங்கிவந்தார். “கண்ணு பட்டுட்டு, வேற ஒண்ணுமில்ல,” என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். உடம்புக்கு வெட்கப்பட்டுப் பட்டினி கிடக்கிற அந்தச் சீக்குக்கு எங்கள் தெருவில் பெயர் கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சொதி வைத்தாள். அடுப்பில் தேங்காய்ப்பால் நுரைகட்டிய வாசனைக்கு முன்னால் என் வைராக்கியம் கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. சொதிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த இஞ்சிப் பச்சடிக் கிண்ணத்தை அம்மா கழுவவே தேவையில்லாமல் நக்கி வைத்தேன்.

ஆகவே, என் பதினாறு வயது மகள் சோற்றைத் தட்டில் ஓரமாக ஒதுக்க ஆரம்பித்தபோது நான் பயப்படவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அந்தப் பயப்படாத வீரன் கடைக்கு ஓடிப்போய்த் தேங்காய் வாங்கிவந்து தானே சொதி வைத்தான். மறுவாரமும் வைத்தான். “பெறவு சாப்பிடுதேம்ப்பா,” என்றாள் அவள், மறுவாரமும். இப்போது எங்கள் வீட்டில் சொதி என்றாலே எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பாளையங்கோட்டையில் டாக்டரிடம் கூட்டிப்போய்க்கொண்டிருக்கிறோம். அந்தச் சீக்குக்கு இன்றைக்குப் பெயர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, உட்காரவைத்துப் பொறுமையாகப் பேச ஆஸ்பத்திரியில் ஒரு ஆலோசகர் இருக்கிறார். தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்தது ஒரே ஒரு படித்துறை. இவள் தன் படித்துறையைச் செல்போனாகக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள்.

போன மாதம் அவளை அந்த ஆற்றுத்துறைக்கே கூட்டிப்போனேன். கொளுத்துகிற வெயிலில், குளிருகிறது என்று முழுக்கைச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பாறை அங்கேயே கிடந்தது. அதன்மேல் நின்ற பையன்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒருவரையொருவர் படம் எடுத்தார்கள்; ஒருத்தனும் குதிக்கவில்லை. வழி தெரியாத கோமாளி வேறென்ன செய்வான்? அந்தத் துறையில் முதல்முறையாக நானாகவே சட்டையைக் கழற்றினேன். “ஏட்டி, பரிசல் வருது பாரு,” என்று தொப்பையைத் தட்டிக்கொண்டு தண்ணீரில் விழுந்தேன்.

எழுந்து பார்த்தேன். பையன்கள் திரும்பக்கூட இல்லை. பரிசல் என்று கத்த அங்கே ஒருவரும் இல்லை. மகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் சட்டையை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை வந்தாள்.

“போட்டுக்கிடுங்கப்பா. எல்லாரும் பாக்காங்க.”

போட்டுக்கொண்டேன். ஈர முதுகில் பழையபடி ஒட்டிக்கொண்டது.