புது டிஸ்க்கில் தடவிய எண்ணெய்

விருத்தாசலத்தில் முப்பது வருடம் கார் மெக்கானிக்காக இருந்தவன் நான். பிரேக்கை வீட்டிலேயே மாற்றிக்கொள்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் கிடையாது. மாற்றிவிட்டுச் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஆளை ஏற்றுகிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

செல்வராசு பீங்கான் பட்டறைக்காரர். மண்ணை டை என்கிற இரும்பு அச்சில் அழுத்தி ஃபியூஸ் கட்டை செய்கிற பிரஸ் வைத்திருக்கிறார். ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"வீடியோ பாத்து பேடு, டிஸ்க்கு, பிரேக் ஓஸு எல்லாம் நானே மாத்திட்டேங்க. பிரேக்கு லேசா வழுக்குது. லைன்ல காத்து இருக்கும், வந்து எடுத்து வுட்டுடுங்க. பொண்ண பிரசவத்துக்கு கடலூர் கூட்டிட்டுப் போவணும்."

போனேன். அவர் மகள் கவிதா நிறைமாத வயிற்றோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பெடலை அமுக்கினேன், கெட்டியாக நின்றது. பிரேக் ஆயில் போகிற லைனில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். சந்தேகப்பட்டு முன் வீலைக் கழற்றினால், டிஸ்க்கில் எண்ணெய் வாடை.

"இதுல என்னத்த தடவுனீங்க?"

"டை எண்ணெய்தாங்க. புது டை வந்தா துருப்பிடிக்காம, மண்ணு ஒட்டாம எண்ணெய் தடவித்தானே மாட்டுவோம்?"

பிரஸ்ஸுக்கு அது சரி. இங்கே வீலோடு சுற்றுகிற டிஸ்க்கைப் பேடு கவ்வினால்தான் வண்டி நிற்கும். டிஸ்க்கைத் துடைத்துவிடலாம், எண்ணெய் ஊறிய பேடைத் தூக்கித்தான் போட வேண்டும் என்றேன்.

"புதுப் பேடுங்க அது. பெட்ரோல் போட்டுத் தொடைங்க போதும். நான் மெதுவா ஓட்டிக்கிறேன்."

எனக்கு வந்ததே கோபம். "நீங்க மெதுவா போவீங்க. குறுக்க வரவனுக்கு உங்க பிரேக்கு வழுக்குதுன்னு தெரியுமா?"

சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எங்க வண்டி சாவிய எடுக்க நீங்க யாருங்க?"

நான் பதில் சொல்லும் முன் கவிதா எழுந்து வந்தாள். டிக்கியிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"சாவி அவருகிட்டயே இருக்கட்டும்ப்பா. எனக்கு வாடக வண்டி ஒண்ணு சொல்லுங்க."

வாடகை வண்டியில் போனார்கள். பேடை மாற்றி, காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்த பிறகே சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிரேக் சரியில்லை என்று தெரிந்ததும் நயமாகப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் சாவியை எடுங்கள். சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.