மோதினார் அறிவித்த மௌத்து

நுரைச்சோலைக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் அது. அங்கே யார் இறந்தாலும் மோதினாருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்ன பிறகுதான் ஒரு மனிதர் முறைப்படி இறந்தவராவார். விரலால் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஐந்து வேளையும் தொழுகைக்குப் பாங்கு சொல்வது, மௌத்து அறிவிப்பது, ஊராரை அடக்கும் மையவாடியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது, இவைதான் நாற்பது வருடத்துக்கு மேலாக அவருடைய வாழ்க்கை. அவருக்கு றஊப் என்று ஒரு பெயர் இருப்பது மனைவி ஜெய்னம்புவுக்கும் அடையாள அட்டைக்கும் மட்டுமே ஞாபகம். ஊருக்கு அவர் மோதினார், அவ்வளவுதான்.

அந்த மனிதர் ஒரு காலத்தில் தலைமுடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு புத்தளத்து லொறி கராஜ் ஒன்றுக்குள் டிரம் அடித்தவர் என்று சொல்லியிருந்தால் ஊர் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். சிரித்து முடித்ததும் வேறு மோதினாரைத் தேடியிருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் அவரும் தோமஸும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ‘த மட் கிராப்ஸ்’ என்று ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். களப்பு நண்டின் பெயரை வைத்துக்கொண்டு உலகத்தைக் கலக்கப் புறப்பட்ட பையன்கள். தோமஸின் கிட்டாருக்கு நல்ல ஒலிபெருக்கி வாங்க வக்கில்லை. பழைய றேடியோப் பெட்டி ஒன்றில் வயரைக் கொடுத்தான். அதன் ஸ்பீக்கர் கிழிந்திருந்ததால் கிட்டார் கியர் விழாத லொறிபோல உறுமியது. டிரம் செட்டும் அரைகுறைதான். மீதிக்கு றஊப் கையால் தட்டும் றபான் ஒன்றை எடுத்து வந்தார்; தர்கா கந்தூரியில் பக்கீர் பாவாக்கள் அடிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய அடி அவருடையது. ஒரு பாட்டில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். தோமஸ் கிட்டார்க் கட்டையில் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருப்பான். அந்த அமைதிக்குள் றபான் மட்டும் தனியாக இறங்கும். கொழும்பில் அந்தப் பாட்டை இசைத்தட்டாகவும் போட்டார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

இசைத்தட்டு வந்த கையோடு கொழும்பு ஹோட்டல் ஒன்றில் வாசிக்கப் போயிருந்தபோது புத்தளத்தில் வாப்பா மௌத்தானார். ஜனாஸாவை வைத்துக்கொண்டு மகன் வரும்வரை காத்திருப்பது வழக்கமில்லை. றஊப் வந்து சேர்ந்தபோது மண் போட்டு முடிந்துவிட்டது. சந்தூக்குக்குத் தோள் கொடுக்க மூத்த மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கு உம்மா ஒரே பதில்தான் சொன்னார்.

“அவன் கொழும்புல கொட்டடிக்கப் பெய்த்தான்.”

அந்தச் சொல் அவரைக் கொன்றுபோட்டது. பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்தார், முடியை வெட்டினார், தோமஸிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புத்தளத்தை விட்டே வெளியேறினார். அடுத்த வாரம் சிலாபத்தில் வாசிப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். அங்கும் போகவில்லை. கைவசமிருந்த இசைத்தட்டுகளை, இந்த ஊரில் கலியாணமான புதிதில், ஜெய்னம்பு கருவாடு காயும் இடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். செத்த காகம் தொங்குகிறது என்று நம்பிக் காகங்கள் கொஞ்ச நாள் கிட்ட வரவில்லை. மட் கிராப்ஸால் யாருக்காவது பிரயோசனம் கிடைத்தது அப்போதுதான். பிறகு வெயிலில் அத்தனையும் பப்படமாக நெளிந்துபோயின.

போன வருடம் ஒருநாள், ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் மின்ஹாஜ் பள்ளிக்கு வந்தான்.

“மோதினார், வெளிநாட்டுல ஒரு பழைய பாட்டு இப்ப பெரிய கதை. சைக்கடெலிக், கராஜ் ரொக் எண்டு என்னமோ சொல்றாங்க. ஒரே ஒரு தட்டு எங்கயோ பழைய சாமான் கடையில கெடச்சீக்கி. திருப்பி அடிச்சு விக்கப்போறாங்களாம். அதுல டிரம் அடிச்ச றஊப் எண்டவரத் தேடுறாங்க. புத்தளத்து ஆள், இந்தப் பக்கம் கலியாணம் கட்டினவராம். ஒங்களுக்குத் தெரியாத ஆளா?”

சொல்லிக்கொண்டே பாட்டைப் போட்டான். அதே உறுமல். மூன்று தட்டு, அமைதி, பிறகு மோதினாருடைய கை. இப்படியா அடித்தேன் என்று மனசு ஒரு கணம் பூரித்துப்போனது. மறுகணம் பயம் வந்து குந்திக்கொண்டது. மருமகன் ஸுஹைப் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர். கலியாண வீட்டில் பாட்டுப் போட்டாலே எழுந்து போய்விடுகிறவர். விஷயம் தெரிந்தால் இந்த மைக்குக்கு முன்னால் நிற்க விடுவாரா? பாங்கும் போனால் இந்தக் கிழவனிடம் என்னதான் மிச்சம்?

“அவரு மௌத்தாகி கனகாலம்,” என்றார்.

மோதினார் மௌத்து என்றால் மௌத்துத்தான். ஊரில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. மின்ஹாஜ் நின்ற நிலையிலேயே தேடியவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டான். சில நாளில் திரும்பி வந்தான்.

“தேடினது அந்தக் கிட்டார் அடிச்ச தோமஸ் எண்டவர்தானாம், மோதினார். அவுஸ்திரேலியாவுல ஈக்கிறார். செய்தி கேட்டு அழுதாராம். கப்றப் பாக்க வாராராம். நீங்கதான் காட்டோணும்.”

அந்த நேரத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு அவர் பிறகு தன்னைத் தானே ஏசாத நாளில்லை.

தை மாதத்தில் தோமஸ் வந்தான். சீனி வருத்தம் இரண்டு கண்ணையும் தின்றிருந்தது. வெள்ளைப் பிரம்பும் மின்ஹாஜின் கையும்தான் துணை. மோதினார் மையவாடிப் பூட்டைத் திறந்து முன்னால் நடந்தார். அந்த மையவாடியில் எந்தக் கப்றிலும் பெயர் எழுதும் வழக்கமில்லை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டைகள் மட்டும். முன்பு கடலில் அடிபட்டு ஒதுங்கிய யாரோ ஒரு மீனவரை அடக்கிய இடத்தில் போய் நின்றார்.

“இதுதான்,” என்றார். பாங்கு சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்; தோமஸுக்கு அடையாளம் தெரியவில்லை.

தோமஸ் குனிந்து கட்டையைத் தடவினான். “பேர் இல்லையா நானா?”

“எங்கட வழக்கம் அப்பிடி.”

தோமஸ் பிரம்பால் கட்டையில் மூன்று தட்டுத் தட்டினான். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

மோதினாரின் விரல்கள் றபான் அடிக்கு எழும்பின. தொழுகைக்குக் கட்டுவதுபோல் இரண்டு கைகளையும் நெஞ்சில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“இந்த எடத்துலதான் அவன் வருவான்,” என்றான் தோமஸ். “சிலாபத்துலயும் இப்பிடித்தான் நானா. சனத்துக்கு முன்னால தட்டிப்போட்டு வாசலப் பார்த்துக்கொண்டு நிண்டன். அவன் வரேல்ல. உயிரோட இருந்துகொண்டு வராம இருக்கிறான் எண்டு இவ்வளவு காலமும் கோவம். செத்துப்போனான் எண்டு கேட்ட பிறகுதான் மனசு ஆறிச்சு.”

உண்மையைச் சொன்னால் ஆறிய மனசு மறுபடி எரியும். சொல்லாவிட்டால் மோதினாருடையது எரியும். இரண்டில் ஒன்றை எடுக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கும்போதே மின்ஹாஜ் அவனைக் காருக்குக் கூட்டிப்போய்விட்டான்.

பின்நேரத்து அசர் தொழுகைக்கு நேரம் வந்தது. மோதினார் மைக்குக்கு முன்னால் நின்று வழமைபோல் விரலால் தட்டினார். இரண்டு தட்டோடு நிற்க வேண்டிய விரல் நிற்கவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து றபான் அடி, அந்தப் பழைய அடி முழுவதும், தென்னைகளுக்கு மேலாகக் கடல்வரை போனது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாங்கு சொன்னார்.

மறுநாள் மின்ஹாஜ் ஸ்குரூ டிரைவரோடு வந்தான்.

“ஸுஹைப் நானா அனுப்பினார். மைக் நேத்து டொக்கு டொக்கெண்டு அடிச்சிச்சாமே, வயர் லூஸாக்கும்.”

“நேத்து அசருக்கு காரு எங்கனக்குள்ள போச்சு?” என்று மோதினார் கேட்டார்.

“ஊர் எல்லையிலதான் நிண்டம். டயருக்குக் காத்து அடிச்சம்.”

“அவருக்குப் பாங்கு கேட்டிச்சா?”

“எங்க கேக்கிற? கண்ணாடியெல்லாம் ஏத்தி ஏசி போட்டீந்திச்சு. மனுசன் ஏறின ஒடனே நிம்மதியா ஒறங்கிட்டார்.”

மோதினார் அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மெதுவாக விலக்கினார்.

“மைக்குல ஒரு பழுதும் இல்ல, மகன். நீங்க போங்க.”